பணம் போன முதல் ஒரு மணி நேரம்: மலையில் இருக்கிற நமக்கு

கோத்தகிரியில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை எல்லாம் செய்து தருகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், கரண்ட் பில், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வயதானவர்களுக்கு ஆயுள் சான்று, இதுதான் பிழைப்பு. கொஞ்ச வருஷமாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. யாராவது போனைக் கையில் பிடித்தபடி வந்து, கடையில் இருக்கிற மற்றவர்கள் கிளம்பும்வரை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்று, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஜிபேல போன காசு திரும்ப வருமா?" என்று கேட்கிறார்கள். அந்தத் தாழ்ந்த குரலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் போன காசு திரும்ப வருவதும் வராததும் பெரும்பாலும் எவ்வளவு சீக்கிரம் வாயைத் திறந்து சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது, நம் ஊரில் அந்த வாயை அடைத்து வைத்திருப்பது வெட்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐப்பசி மழையில் ஒரு பெரியம்மா வந்தார். ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார், பச்சை இலைக் காசு மாதம் ஒருமுறை ஃபேக்டரியிலிருந்து கணக்குக்கு வரும். போனைப் பால் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். இலை கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல். ரேஷன் கடை மெஷினில்கூட அந்த ரேகை பதியாது. அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. மகளிர் உரிமைத் தொகை, அதுதான் 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மாதம் 1,000 ரூபாய், அதில் மூன்று மாதம் நிலுவை இருக்கிறது, போனில் வருகிறதை அழுத்தி பின் நம்பர் போட்டால் ஏறிவிடும் என்று "அம்மா, அம்மா" என்று மரியாதையாகப் பேசியிருக்கிறான். முந்தின மாதம் அவருக்கு நிஜமாகவே தொகை வரவில்லை, அந்தக் கவலையில்தான் இருந்திருக்கிறார். பின் போட்டார். "தப்பாகிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன், மறுபடி போடுங்கள்" என்றான். மறுபடியும் போட்டார். மூன்று தடவையில் 38,000 ரூபாய்.

இது நடந்தது செவ்வாய்க்கிழமை காலை. அவர் என் கடைக்கு வந்தது சனிக்கிழமை சாயங்காலம்.

நடுவில் அந்த நான்கு நாளும் வீட்டில் மருமகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், திருப்பூரில் இருக்கிற மகனோடு தினமும் போனில் பேசியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? "பெரியம்மா, யார் கேட்டாலும் பின் நம்பர் போட்டுடுவீங்களா?" அவ்வளவுதான். போனைத் திரும்பக் கவரில் சுற்றினார், "சரிப்பா, அப்புறம் வர்றேன்" என்று படி இறங்கிவிட்டார். மழையில் பின்னால் ஓடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். புகார் கொடுத்தோம். 2,100 ரூபாயை மட்டும் ஏதோ ஒரு கணக்கில் நிறுத்த முடிந்தது. மீதி செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள்ளேயே கை மாறிக் கை மாறிப் போய்விட்டது.

போன வருஷம் ஒரு டூரிஸ்ட் வண்டி டிரைவர் தம்பி வந்தார். அபராதம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை அழுத்திவிட்டார், 52,000 போய்விட்டது. பணம் போன மெசேஜைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நேராகக் கடைக்கு ஓடி வந்தார், இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவருக்கு 46,000 நிறுத்தி வைக்க முடிந்தது. இரண்டு பேருக்கும் நான் செய்தது ஒரே வேலைதான்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

பணம் போனது தெரிந்த உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். மத்திய உள்துறையின் சைபர் குற்ற உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். உங்கள் போனிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்காரர் போன், கடைப் போன், எதுவும் சரி. நம் பக்கம் பாதி ஊரில் மழை வந்தால் டவர் போய்விடும், எந்தத் திருப்பத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும், அங்கே போய் நின்று கூப்பிடுங்கள். முதல் தடவை லைன் கிடைக்காமல் போகலாம், விடாமல் கூப்பிடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அதே நேரத்தில் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் பணம் சம்பந்தப்பட்ட புகார் என்ற இடத்தில் பதிவு செய்ய ஆரம்பிக்கட்டும்.

அவர்கள் கேட்பது: பேர், போன் நம்பர், எந்த பேங்க், கணக்கு எண், எவ்வளவு போனது, எத்தனை மணிக்கு, அந்தப் பரிமாற்றத்தின் எண். யுபிஐ என்றால் அது 12 இலக்கம், யுடிஆர் என்று சொல்வார்கள். ஜிபே, போன்பே எதுவானாலும் போன பணத்தின் மேல் அழுத்தினால் உள்ளே இருக்கும், பேங்க் மெசேஜிலும் இருக்கும். மூன்று தடவை பணம் போயிருந்தால் மூன்றுக்கும் தனித்தனி எண், மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டால் நேரம் மிச்சம். கடைசியில் ஒரு புகார் எண் தருவார்கள். அது இல்லாமல் போனை வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், திருடன் உங்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. முதல் கணக்குக்குப் போனது சில நிமிஷத்தில் ஐந்தாறு கணக்காகப் பிரியும், அங்கிருந்து இன்னும் பிரியும், கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரூபாயாக வெளியே வந்துவிடும். 1930-இல் பதிவானதும் அந்தத் தகவல் நம் பேங்குக்கும் பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்கும் போகிறது, அந்த நேரத்தில் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அப்படியே முடக்குகிறார்கள். 2021 ஏப்ரலில் கொண்டுவந்த ஏற்பாடு இது. பணம் ஏடிஎம்மை விட்டு வெளியே வந்தபிறகு முடக்க ஒன்றும் இல்லை.

அடுத்தது உங்கள் பேங்க். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிற நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி வருகிற நம்பருக்குத் தயவுசெய்து வேண்டாம், பதட்டத்தில் தேடி இரண்டாவது தடவை ஏமாந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கணக்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் கிளைக்கு நேரில் போய் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். "1930-ல சொல்லிட்டீங்கல்ல, போதும்" என்று கவுண்டரில் சொன்னாலும் விடாதீர்கள்.

அந்த சீலுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. உங்கள் மேல் தப்பு இல்லாமல், உங்களுக்குத் தெரியாமலேயே வெளியாள் ஒருவன் உங்கள் கணக்கிலிருந்து எடுத்திருந்தால், பேங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுடையது இல்லை. ஓடிபியோ பின்னோ நீங்களே கொடுத்திருந்தால், நீங்கள் புகார் சொல்கிற நிமிஷம் வரை போனது உங்கள் தலையில், அதற்குப் பிறகும் போனால் அது பேங்கின் தலையில். அதனால் "நானே தானே போட்டேன், எப்படிப் போய்ச் சொல்வேன்" என்று உட்காரக் கூடாது, நீங்களே போட்டிருந்தால்தான் இன்னும் வேகமாக ஓட வேண்டும். பேங்க் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது, விவரம் கேட்க 14448.

எதையும் அழிக்காதீர்கள். இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அந்த வாட்ஸ்அப் பேச்சையும், வந்த நம்பரையும், மெசேஜையும் அழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்கிற பயம். அதுதான் அவனைப் பிடிக்க இருக்கிற முக்கியமான ஆதாரம். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

ஏபிகே ஃபைல், அதாவது அழுத்தினால் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிடுகிற ஃபைல், ஏதாவது ஏற்றியிருந்தால் மட்டும் முதல் வேலை வேறு. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, 1930-க்கு வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள், ஏனென்றால் உங்களுக்கு வருகிற ஓடிபி எல்லாம் அவனுக்கும் போய்க்கொண்டிருக்கும். பி.எம். கிசான் பணம், கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம், கேஒய்சி என்று பல பேரில் இது வருகிறது. கடைசி எழுத்து ஏபிகே என்று முடிகிற எதையும் வாட்ஸ்அப்பிலிருந்து திறக்க வேண்டாம், அனுப்பினது சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி, அவன் போன் திருடன் கையில் இருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு டயலரில் ##002# என்று அடித்துவிடுங்கள், உங்கள் அழைப்புகளை அவன் வேறு நம்பருக்குத் திருப்பி வைத்திருந்தால் அது நீங்கிவிடும்.

இவ்வளவும் ஏமாந்தவர் செய்ய வேண்டியது. ஆனால் இதைப் படிக்கிற நிறையப் பேர் ஏமாந்தவராக இருக்க மாட்டீர்கள், அவருடைய மகனாகவோ மருமகளாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோதான் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அவர் வந்து சொல்லும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: "எப்போ நடந்துச்சு? எந்த பேங்க்?" வேறு எதையும் அப்போது கேட்க வேண்டாம். ஏன் கொடுத்தீங்க, எத்தனை தடவை சொல்லியிருக்கேன், டிவியில தினமும் காட்டுறானே, இதெல்லாம் ஒரு வாரம் கழித்துக்கூடக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். நான் அந்தப் பெரியம்மாவிடம் கேட்ட ஒரு கேள்வியில் அவர் படி இறங்கினார். மழை இல்லாவிட்டால், அவர் இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்திருந்தால், அந்த 2,100-உம் இல்லை.

நம் ஊர்ப் பேச்சையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் கன்னம் வைத்துத் திருடினால் ஊரே கூடி நின்று ஆறுதல் சொல்கிறது. போனில் திருடினால் டீக்கடையில் உட்கார்ந்து "ஆசை யாரை விட்டது" என்கிறது. அந்தப் பெரியம்மாவுக்கு என்ன ஆசை? அரசாங்கம் தருவதாகச் சொன்ன 3,000 ரூபாய். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுகிறவனிடம் மாட்டுகிறவர்களுக்கு ஆசையே கிடையாது, பயம்தான், அதுவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் அதிகம். படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பதும் சுத்தப் பொய். 2024-இல் வர்த்தமான் ஜவுளி நிறுவனத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம், பத்ம பூஷண் வாங்கியவர், அப்போது வயது 82, சிபிஐ என்று சொல்லி, உச்ச நீதிமன்ற விசாரணை மாதிரியே வீடியோவில் நாடகம் போட்டு, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவர் மூடி மறைக்கவில்லை. போலீசுக்குப் போனார், பத்திரிகைகளிடம் பேசினார், 5 கோடிக்கு மேல் மீட்கவும் முடிந்தது. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று நம் சட்டத்திலேயே இல்லை, வீடியோ காலில் எந்தப் போலீசும் யாரையும் கைது செய்ய முடியாது. அந்த வருஷம் அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். அப்படி ஒரு கால் வந்தால் கட் செய்துவிட்டு வெளியே வந்து பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். யாரிடமும் சொல்லக் கூடாது, ரூமைப் பூட்டிக்கொள் என்றுதான் அவன் முதலில் சொல்வான். நாலு பேருக்குத் தெரிந்தால் அவன் தொழில் அங்கேயே முடிந்தது.

நம் மலைக்கென்றே வருகிற சில மோசடிகளையும் சொல்லிவிடுகிறேன்.

சீசன் நேரத்தில், ஏப்ரல், மே, காட்டேஜ் புக்கிங். இங்கே நிஜமாக இருக்கிற ஒரு காட்டேஜின் போட்டோவை எடுத்து, கூகுள் மேப்பில் அதன் போன் நம்பரை மாற்றிவிடுகிறார்கள், அல்லது இன்ஸ்டாகிராமில் அதே பேரில் ஒரு பக்கம் திறக்கிறார்கள். மலர்க் கண்காட்சிக்கு வருகிற குடும்பம் முழு அட்வான்ஸும் கட்டிவிட்டு, குழந்தைகளோடு ராத்திரி பத்து மணிக்குக் குளிரில் வந்து கேட்டைத் தட்டும். உள்ளே வேறு யாரோ இருப்பார்கள். ஓனருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் வந்தவர்கள் அவரைத்தான் திருடன் என்று திட்டிவிட்டுப் போவார்கள். காட்டேஜ் வைத்திருக்கிறவர்களே, கூகுளில் உங்கள் இடத்தை உங்கள் பேரில் உறுதி செய்து வையுங்கள், வாரம் ஒருமுறை வேறு போனிலிருந்து தேடிப் பார்த்து நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். கீழேயிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: பணம் கட்டும் முன் வீடியோ கால் போட்டு, ரூமையும் வாசலையும் காட்டச் சொல்லுங்கள். நிஜமான ஆள் நடந்து போய்க் காட்டுவார். மற்றவன் நெட்வொர்க் இல்லை என்பான், இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், பத்து நிமிஷத்தில் கட்டுங்கள் என்பான்.

இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் வருகிறவர்கள் எடுக்க வேண்டிய அனுமதி அது. இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கிற தளம், புரோக்கர், லிங்க் எல்லாமே ஏமாற்று.

யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், அவ்வளவுதான். பெரியம்மாவிடம் செய்த மாதிரி தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் வசதியை 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதே ஆட்கள் இப்போது க்யூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, காசு வரும்" என்கிறார்கள். பேங்க் பேரில் லிங்க் வந்தால் முகவரியின் முடிவைப் பாருங்கள், நம் பேங்குகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

இன்னொன்று, இதைத்தான் நான் ரொம்பவும் பயப்படுகிறேன். காலேஜ் படிக்கிற பையன்களிடம், எஸ்டேட்டில் வேலை குறைந்த நாளில் சும்மா இருக்கிற தம்பிகளிடம், "உன் அக்கவுண்ட்டை ஒரு மாசம் கொடு, ஐயாயிரம் தர்றேன், ஏடிஎம் கார்டும் சிம்மும் மட்டும் போதும்" என்று வந்து கேட்கிறார்கள். பெரியம்மாவின் 38,000 பிரிந்து பிரிந்து போனது இந்த மாதிரிக் கணக்குகள் வழியாகத்தான். போலீஸ் பிடிக்கும்போது முதலில் கிடைக்கிற பேர் கணக்கு வைத்திருக்கிறவன் பேர், வழக்கும் அவன் மேல்தான் பாயும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே பேங்குக்குப் போய் கணக்கை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதேபோல தாய்லாந்து, கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூப்பிட்டால், 2022-இல் அப்படிப் போய் மியான்மரில் சிக்கிய தமிழ்ப் பையன்கள் மீட்கப்பட்டு வந்ததை வீட்டில் சொல்லுங்கள். அனுப்புகிற ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

புகார் கொடுத்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொரு போன் வரும். சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, பைல் சார்ஜ் 2,500 கட்டினால் ஏறிவிடும் என்பார்கள். ஏமாந்தவர்களின் நம்பரைத் திருடர்களே ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கொடுக்க போலீஸ் கட்டணம் கேட்பதில்லை. முடக்கி வைத்த பணம் கைக்கு வர சில நேரம் நீதிமன்றத்தில் மனு போட்டு, உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் ஆகலாம். டிரைவர் தம்பிக்கு ஏழு மாதம் ஆனது.

அதற்கு ஊட்டியில் இருக்கிற மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு ஒன்றிரண்டு தடவை போக வேண்டியிருக்கும். புகார் எண், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், சீல் போட்ட நகல், ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட், எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். அந்தப் பெரியம்மாவோடு கடைசியில் மருமகள்தான் போனார், காலை முதல் பஸ்ஸில், நான் போட்டுக் கொடுத்த ஃபைலை அவரே மடியில் வைத்துக்கொண்டு.